சுனையில் கரைத்தது

குன்றின் மேலிருந்த சமணப் பள்ளியில் விசயமதி என்றொரு பெண் துறவி இருந்தார். பெண் ஆசிரியரைக் குரத்தியார் என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊராரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

அவருடைய சீடன் சயந்தன் வயதில் அவரைவிட மூத்தவன். வணிகர் கூட்டங்களுக்குக் காவல் போய்க்கொண்டிருந்தவன். அந்தப் பிழைப்பு வெறுத்துப்போய்க் குன்றேறி வந்து தங்கிவிட்டான். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவன் பொறுப்பு.

பிள்ளைகள் வாசிக்கப் பழகிவிட்டார்கள், இனி யார் சொல்வதை எடுத்துக்கொள்வது, யார் சொல்வதை விடுவது என்று சொல்லிக்கொடும் என்று குரத்தியார் ஒரு நாள் அவனிடம் சொன்னார். சயந்தன் யோசித்துப் பாடம் ஒன்று செய்தான். பெரியவர் சொன்னால் நம்பு. பலர் சொன்னால் நம்பு. கண்ணால் பார்த்தவர் சொன்னால் நம்பு. பிள்ளைகள் அதை ராகம் போட்டுச் சொன்னார்கள். அவன் அதைக் குரத்தியாரிடம் சொல்லிக் காட்டினான். அவர் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

அந்த மாதம் ஊரில் நோய் வந்தது.

கீழத்தெருவில் ஆரம்பித்தது. காலையில் ஏர் பூட்டிப் போனவர் மாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் விழுந்தார். காய்ச்சலும் வாந்தியும் வீடு வீடாக நகர்ந்தன. பிள்ளைகள் குன்றேறி வருவது நின்றது. ஊர்க்கோடியில் சிதைப்புகை அணையாமல் எழுந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்க்கும்போது சயந்தனுக்கு, அந்தப் புகை ஒவ்வொரு நாளும் குன்றின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது என்று தோன்றும்.

ஒரு பிற்பகல் அரிசி வாங்க ஊருக்குப் போன சயந்தன் ஓடி வந்தான். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பள்ளியின் கதவை இழுத்துச் சாத்தினான்.

குரத்தியார் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். சயந்தன் பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்தான்.

"இந்தத் தண்ணீர் வேண்டாம் அம்மை. சுனையில் விஷம் கலந்திருக்கிறார்கள்."

அவன் கேள்விப்பட்டதைச் சொன்னான். குன்றின் அடியில், ஊரும் பள்ளியும் தண்ணீர் எடுக்கிற சுனைக்குப் பக்கத்தில், ஒரு குடிசை இருந்தது. உப்பு வணிகர் கூட்டம் ஒன்று அந்த வழியாகப் போனபோது அதில் ஒருவனுக்குக் கால் முறிந்தது. கூட்டத்தார் அவனையும் அவன் மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மனைவி, வெண்ணி என்பவள், நடு இரவில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு சுனைக்கு வந்தாளாம். சுரைக்குடுக்கையிலிருந்து ஏதோ பொடியைக் கொட்டிக் கரைத்தாளாம். கரைக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நோய் வந்ததாம். ஊரார் பந்தம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் குடிசையைக் கொளுத்திவிடுவது என்று பேச்சு. உள்ளே இருப்பவர்கள் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது என்றும் பேச்சு.

சொல்லும்போதே சயந்தனுக்கு நாக்கு கசந்தது. அன்று காலையில் அவன் அந்தச் சுனைத் தண்ணீரைத்தான் குடித்திருந்தான். வழி நெடுகக் கசப்பு ஏறிக்கொண்டே வந்தது.

"இதை உமக்குச் சொன்னவர் யார்?" என்று குரத்தியார் கேட்டார்.

"மருத்துவர் கண்டர் சொன்னார். ஊர்க்கிழார் பூதனார் சொன்னார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள்."

"பார்த்தவர்?"

"பார்த்தவரே சொன்னாராம்."

"அவர் யார்?"

"அதைக் கேட்கவில்லை அம்மை."

குரத்தியார் எழுந்து, உட்காருமிடத்தில் எறும்பு ஒதுக்குகிற மயிற்பீலியை எடுத்துக்கொண்டார். "நான் சுனைக்குப் போகிறேன். நீர் ஊருக்குள் போய், பார்த்தவரைக் கூட்டிக்கொண்டு அங்கே வாரும்."

சயந்தன் நகரவில்லை. கூட்டம் ஓர் ஆளை என்ன செய்யும் என்பதை அவன் காவல் போன நாட்களில் பார்த்திருந்தான். குறுக்கே நின்றவர்களை என்ன செய்யும் என்பதையும் பார்த்திருந்தான். அதைத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம், இது ஊர் விவகாரம் என்றான்.

"பயமாக இருக்கிறதா?"

"ஆமாம் அம்மை."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டுக் குரத்தியார் கதவைத் திறந்தார்.

ஊருக்குள் ஒரு வாசலிலும் கோலம் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. கோயில் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்டது. நின்று நின்று கேட்டது, யாரோ கையைப் பழக்கிக்கொள்வது போல.

சயந்தன் முதலில் மருத்துவர் வீட்டுக்குப் போனான். கண்டர் மூலிகை இடித்துக்கொண்டிருந்தார். தூங்கி நெடுநாளான கண்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டதும் அவர் உலக்கையை நிறுத்தினார். தான் பார்க்கவில்லை, ஊர்க்கிழார்தான் கேட்டனுப்பினார் என்றார். இந்த நோய் விஷத்தால் வருமா என்று கேட்டாராம். வரலாம் என்று இவர் சொன்னாராம்.

"வரலாம் என்றுதான் சொன்னீர்களா?"

"வரலாம் என்றுதான் சொன்னேன். வேறு எதனாலும் வரலாம். அதை யாரும் கேட்கவில்லை."

ஊர்க்கிழார் பூதனார் வாசலில் நின்று ஆட்களுக்கு எண்ணெய் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளையை இரண்டு நாளுக்கு முன்னால் எரித்துவிட்டு வந்தவர். சயந்தன் கேட்டதற்கு அவர் முகம் பார்க்காமலே பதில் சொன்னார். மருத்துவரே விஷம் என்று சொல்லிவிட்டார், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்.

"நீங்கள் கேட்டதற்கு வரலாம் என்றுதான் சொன்னேன் என்கிறாரே மருத்துவர். உங்களுக்கு இதைச் சொன்னது யார்?"

பூதனாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்ற ஆரம்பித்தது. "வீட்டில் சொன்னார்கள். செக்கார வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஊர் முழுவதும் தெரிந்த சேதியை என்னிடம் வந்து துருவுகிறீர்களே, நீங்கள் யார் பக்கம் வாத்தியாரே?"

பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் முகமெல்லாம் சயந்தனுக்குத் தெரிந்த முகம்தான். பாதிப் பேருடைய பிள்ளைகள் அவனிடம் படித்தவர்கள். ஆனால் அந்தப் பார்வை அவனுக்குப் புதிது. அவன் முதுகைக் காட்டாமல் பின்வாங்கித் தெருமுனையைத் திரும்பினான். திரும்பிய பிறகு ஓடினான்.

செக்கு ஓடவில்லை. செக்காரர் மனைவி, சாத்தி என்பவள், உள்ளே நோயாளிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். படுத்திருந்தது அவளுடைய கணவன். சயந்தன் வாசற்படியில் நின்று மெல்லிய குரலில் கேட்டான். சுனையில் விஷம் கரைத்ததைப் பார்த்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா, யார் உங்களுக்குச் சொன்னார்கள்.

சாத்தி விசிறியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"நீங்கள்தானே வாத்தியாரே சொன்னீர்கள்?"

சயந்தனுக்கு முதலில் விளங்கவில்லை.

"போன வாரம், விடியற்காலையில். நான் சாணி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சுனையிலிருந்து குடத்தோடு போனீர்கள். அந்த உப்புக்காரப் பெண் தண்ணீரில் ஏதோ கரைத்துக்கொண்டிருக்கிறாளே, என்ன அது என்று கேட்டீர்கள். எனக்கென்ன தெரியும் என்றேன். போய்விட்டீர்கள்."

அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. விடியற்காலை. சுனையின் ஓரத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். சட்டியில் வெள்ளையாக எதையோ கரைத்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்த வழியில் சாத்தியைப் பார்த்ததும், பேச்சுக்கு ஒரு பேச்சாகக் கேட்டான். குன்றேறுவதற்குள் மறந்தும் போனான். அவள் கறுப்புத் துணி போர்த்தியிருக்கவில்லை. இரவும் இல்லை. சுரைக்குடுக்கையும் இல்லை. அவள் வாய் அசைந்திருக்கலாம். முதுகில் தூளி கட்டியிருந்தாள். குழந்தைக்கு ஏதாவது பாடியிருப்பாள்.

"பார்த்தவரே சொன்னார் என்றுதான் நான் எல்லோரிடமும் சொன்னேன்," என்றாள் சாத்தி. "பார்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் பொய் சொல்வீர்களா?"

உள்ளே அவள் கணவன் முனகினான். அவள் விசிறியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பறைச் சத்தம் இப்போது நிற்காமல் கேட்டது. தெருக்கோடியில் கூட்டம் நகர ஆரம்பித்திருந்தது. சயந்தன் செக்கு மேட்டில் கைவைத்து நின்றான். இடப்பக்கம் போனால் சுனை. வலப்பக்கம் போனால் பெருவழி. பெருவழியில் நடந்தால் இருட்டுவதற்குள் அடுத்த ஊர். பார்த்தவர் யாரென்று சாத்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் கணவனை விட்டு எழுந்து வரப்போவதில்லை. வலப்பக்கம் நாலு எட்டு வைத்தும்விட்டான். தூளியில் தலை மட்டும் தெரிந்த அந்தக் குழந்தை கண்முன் வந்தது. திரும்பிச் சுனையை நோக்கி ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் குடிசையைச் சூழ்ந்திருந்தது. குரத்தியார் குடிசை வாசலில், மண்ணில் உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை அழுதது. அழுகையை யாரோ கையால் பொத்துவதும் கேட்டது.

குரத்தியார் அவனைப் பார்த்தார். "பார்த்தவரைக் கூட்டி வந்தீரா?"

"கூட்டி வந்திருக்கிறேன்."

அவர் அவனுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாருமில்லை. மறுபடி அவன் முகத்தைப் பார்த்தார்.

சயந்தன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். பார்த்தவன் நான்தான் என்றான். நான் பார்த்தது விஷமல்ல, அவள் விடியற்காலையில்தான் வந்தாள், எதைக் கரைத்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல்தான் கேட்டேன் என்றான். சொல்லச் சொல்லக் கூட்டத்தின் முகங்கள் இறுகின.

"அன்றைக்குப் பார்த்தேன் என்றீர்கள், இன்றைக்கு இல்லை என்கிறீர்கள்," என்றார் பூதனார். "அவள் உங்களையும் ஏதோ செய்துவிட்டாள்."

இவர் கை நடுங்குவதைப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். நடுங்கத்தான் செய்தது. கை நடுங்குவதே சாட்சியாகிவிட்டது. கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது.

சயந்தனுக்கு வேறு வழி தெரியவில்லை. சுனைக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினான். எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தான்.

"கொட்டிவிடும்," என்றார் குரத்தியார்.

"அம்மை, இவர்கள் நம்ப வேண்டுமே."

"பிழைத்தால் பள்ளிக்காரனுக்கு விஷம் ஏறாது என்பார்கள். செத்தால் விஷம்தான் என்பார்கள். கொட்டிவிடும்."

அவன் கையைத் திறந்தான்.

குரத்தியார் எழுந்து நின்றார். அவர் குரல் உயரவில்லை. அதனால் கேட்பதற்காகப் பறைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

"நான் ஒருத்தி. நீங்கள் கொளுத்துவதை என்னால் தடுக்க முடியாது. கொளுத்துவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இதை யார் சொல்லிக் கேட்டீர்களோ, அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்."

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண், இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போய்த் தன் மாமியாருக்குப் பின்னால் நின்றாள். மாமியார் தயங்கிப் பக்கத்து வீட்டுக்காரியின் பின்னால் நின்றாள். பறைக்காரர் பூதனாருக்குப் பின்னால் போனார். பந்தம் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேரும் பூதனாருக்குப் பின்னால்தான் போனார்கள். கூட்டம் கூட்டமாக இல்லாமல் வால் வாலாக நீண்டது. பூதனார் கண்டரைத் தேடினார். மருத்துவர் மெதுவாக வந்து, நான் உங்களுக்குப் பின்னால் அல்லவா நிற்க வேண்டும் என்றார். இரண்டு பெரியவர்களும் ஒருவர் முதுகை ஒருவர் தேடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பூதனார் தன் மனைவிக்குப் பின்னால் போய் நின்றார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, செக்காரவீட்டு அம்மாளிடம் கேட்டேன், அவள் இங்கே இல்லையே என்றாள்.

"அவர் யாரிடம் கேட்டார்?" என்றார் குரத்தியார்.

"என்னிடம்," என்றான் சயந்தன்.

அவன் நடந்துபோய்ப் பூதனார் மனைவிக்கு முன்னால், ஓர் ஆள் இடம் விட்டு நின்றான். ஊர் முழுவதும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. அத்தனை பேர் மூச்சு விடுவதும் அவனுக்குக் கேட்டது. எரிகிற பந்தத்தின் சூடு கழுத்தில் பட்டது. காவல் போன நாட்களில்கூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

"உமக்கு முன்னால் யார்?"

"யாரும் இல்லை அம்மை."

சில பேர் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். அப்படியானால் எல்லோருக்கும் பின்னால் நில்லுங்கள் என்றார் குரத்தியார். அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

அப்போது குடிசைக்குள்ளிருந்து வெண்ணி வந்தாள். கையில் ஒரு சட்டி. அதில் வெளுத்த மண் கட்டி கட்டியாக இருந்தது. உவர்மண், துணி வெளுக்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் இருப்பது. அதை அவள் யாரிடமும் நீட்டவில்லை. கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அவள் பின்னால் அவள் கணவன் ஒரு காலால் தாவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல் பந்தம் மண்ணில் குத்தி அணைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. வரிசை பின்பக்கத்திலிருந்து கரைய ஆரம்பித்தது. பூதனார் கடைசிவரை நின்றார். பேரனின் பெயரை ஒரு தடவை சொன்னார். அவர் மனைவி அவர் கையிலிருந்த பந்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஓரமாக நின்றவர்களில் ஒருவன், எல்லோரும் திரும்பிய பிறகு, பந்தத்தைக் கூரை மேல் எறிந்துவிட்டு ஓடினான். யாரென்று யாரும் பார்க்கவில்லை. கூரை பற்றிக்கொண்டது. அதற்குள் சயந்தன் முறிந்த காலோடு நின்றவனைத் தோளில் தூக்கியிருந்தான். குழந்தையைக் குரத்தியார் வாங்கிக்கொண்டார். குன்றேறும்போது வெண்ணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சயந்தன்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வெண்ணியின் கணவன் கால் ஊன்றி நடக்கும் வரை அவர்கள் பள்ளியிலிருந்தார்கள். பிறகு குன்றின் மறுபக்கமாக இறங்கி, உப்பு வண்டிகள் வருகிற வழியைப் பார்த்துப் போனார்கள். வெண்ணி சயந்தனிடம் கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. போகும்போது, அன்றைக்கு என்னிடமே கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னாள்.

மழை பெய்தது. நோய் மெல்லக் குறைந்தது. சாத்தியின் கணவன் எழுந்து உட்கார்ந்தான். எதனால் வந்தது, எதனால் போனது என்று கண்டருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் குன்றேறி வர ஆரம்பித்தார்கள்.

முதல் நாளே ஒரு பெண்பிள்ளை சயந்தனிடம் வந்து ஒரு சேதி சொன்னது. உப்புக்காரி ஊரைவிட்டுப் போனதும்தான் நோய் போயிற்றாம். ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம். அவள் சுனையில் கரைத்ததை வாத்தியாரே பார்த்தாராம். சொல்லிவிட்டு, நீங்கள்தானே பார்த்தீர்கள் என்று பெருமையோடு அவன் முகத்தைப் பார்த்தது.

சயந்தன் அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் குரத்தியாரிடம் போய் உட்கார்ந்தான்.

"அம்மை, எனக்கு இன்னும் பயம் போகவில்லை."

"அந்தக் கூட்டத்தை நினைத்தா?"

"அதில்லை. பிள்ளைகளிடம் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நாளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?"

"நடந்ததைச் சொல்லும். உம்முடைய பங்கையும் விடாமல் சொல்லும்."

"சொல்லிவிட்டு?"

"காத்திரும். 'நீங்கள் சொல்வதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டுவிட்டால் பாடம் முடிந்தது. விளையாட அனுப்பிவிடும்."

சயந்தன் யோசித்தான்.

"ஒரு பிள்ளையும் கேட்காவிட்டால்?"

குரத்தியார் மயிற்பீலியால் தரையை மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்போது பயப்பட வேண்டியதுதான்."